புதன்கிழமை உலை

சூடாக இருக்கிற பொருளைச் சூடில்லாததுபோல் காட்டுவதுதான் என் பிழைப்பு. பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். செய்பவர்களுக்கு அப்படி இல்லை.

வானத்தில் அதிவேகமாகப் பறக்கும் ஒன்றின் மேற்பரப்பு அடுப்பாகக் கொதிக்கும். அதன் மேல் ராடாரின் நுண்ணலை வந்து விழும்போது, அந்தப் பரப்பு அலையை விழுங்கிவிட வேண்டும். திருப்பி அனுப்பினால் மாட்டிக்கொள்ளும். அதே நேரத்தில் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடவும் கூடாது. விட்டால் வெப்பக் கேமரா பிடித்துவிடும். தொல்லை என்னவென்றால், அலையை நன்றாக விழுங்கும் பொருள்கள் சூட்டையும் தாராளமாகக் கக்கும். சூட்டைக் கக்காத பளபளப்பான உலோகங்களோ ராடார் அலையை அப்படியே திருப்பி அடிக்கும். இரண்டு குணத்தையும் ஒரே பொருளில் குடியமர்த்தி, எண்ணூறு டிகிரியிலும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

மதுரையில் திருமங்கலம் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில், ரோஸ்லின் என்ற ஆராய்ச்சி மாணவி அதைச் செய்திருந்தாள். நெல் உமியிலிருந்து எடுத்த சிலிக்கான் கார்பைடில் ஒரு வில்லை. அது ராடார் அலையை விழுங்கும். அதன் மேலே மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய பூச்சு, தட்டில் துண்டு போட்ட பர்ஃபியைப்போல் சின்னச் சின்னச் சதுரங்களாக. நீளமான ராடார் அலை சதுரங்களைத் தாண்டி உள்ளே போய்விடும். குட்டையான வெப்பக் கதிர் சதுரங்களில் முட்டி உள்ளேயே நின்றுவிடும். அவள் அனுப்பிய வில்லைகளை நாங்கள் பினாங்கில் சோதித்தோம். அற்புதமாக இருந்தன. எங்கள் இரண்டு கூடங்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம், ஓர் இதழ் ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது. அவள் எழுதியபடியே அதே கலவை, அதே சூடு, அதே இரண்டு மணி நேரம் வைத்து நாங்களே வில்லை செய்தோம். ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்தோம், ஒவ்வொன்றும் கேமராவில் பளிச்சென்று எரிந்தது. என்னோடு வேலை செய்யும் லிம் நேராகவே கேட்டார்: “அந்தப் பெண் எதையோ மறைக்கிறாளா, அல்லது கதை விடுகிறாளா?” கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் பதில் தெரிய வேண்டும். நீ தமிழ்தானே, நீயே போ என்று அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மதுரை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது முதல் சந்தேகம் வந்தது. பினாங்கு வெயில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இங்கே அடிக்கிற வெயில் உடம்பில் இருந்த ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது. ஒருவேளை காற்றின் ஈரம்தான் எங்கள் பூச்சைக் கெடுக்கிறதோ? டாக்சி ஓட்டுநருக்கு வேறு கவலை.

“மலேசியாவா மேடம்? எங்க மச்சானும் அங்கதேன் இருக்கான். அங்கிட்டு பரோட்டாவுக்கு சால்னா எப்பிடி?”

“அங்கே ரொட்டி சானாய் என்று சொல்வோம். பருப்புக் குழம்பு ஊற்றுவார்கள்.”

அவர் கண்ணாடியில் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “பரோட்டாவுக்குப் பருப்பா? என்ன மேடம் இது கொடும?” என்றார். அதற்குப் பிறகு கல்லூரி வாசல் வரை அவர் பேசவே இல்லை. அன்று மாலை விருந்தினர் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் பன் பரோட்டாவும் மட்டன் சால்னாவும் சாப்பிட்டபோது அவர் துக்கம் எனக்குப் புரிந்தது.

பேராசிரியர் வேலுச்சாமி நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, ரோஸ்லின் வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ அப்பா திருமங்கலத்துல ஒரு பேக்கரியில அடுப்பு வேலை பாக்குறாரு மேடம். வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சி வேலைக்கு அவ விண்ணப்பம் போட்டிருக்கா. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையில இருக்கிறது இந்தக் கட்டுரை ஒன்னுதான். அத நீங்க நிறுத்திட்டீங்கன்னா…” என்றார்.

நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது ரோஸ்லினுக்கும் தெரியும். கேட்டதற்கெல்லாம் “சரிங்க மேடம்” என்று அமைதியாகப் பதில் சொன்னாள். என்னை ஒருவர் இப்படிச் சோதிக்க வந்திருந்தால் நான் கத்தித் தீர்த்திருப்பேன். அவள் அமைதி எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை உமியைப் பார்க்கப் போனோம். நாங்கள் பயன்படுத்தியது பினாங்குக்குப் பக்கத்திலிருக்கும் கெடா மாநிலத்து உமி, அவளுடையது டி. கல்லுப்பட்டி போகிற வழியில் உள்ள ஓர் அரிசி ஆலையின் உமி. அதுதான் என் இரண்டாவது சந்தேகம். பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டு அடிக்கடி என் பையைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்லூரி விடுதியில் தன்னோடு தங்கியவளிடமிருந்து அந்த மொழியைக் கற்றிருந்த ரோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

“என்ன சொல்கிறார்கள்?”

“‘இம்புட்டுப் பெரிய பையத் தூக்கிட்டு வருதே இந்தம்மா, உள்ள என்ன கல்லா வச்சிருக்கு?’ன்னு கேக்குறாங்க மேடம்.”

உள்ளே கல்தான் இருந்தது. பினாங்கில் நாங்கள் பிசைந்து அழுத்தி, பூச்சும் பூசி, ஆனால் இன்னும் உலையில் வைக்காத பச்சை வில்லைகள். விடுதி அறையில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

திருமங்கலம் தாண்டிச் சிறிது தூரத்தில் பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. டயர் போய்விட்டது. “எல்லாரும் எறங்கிக்கங்க, பின்னால வண்டி வருது, அதுல ஏத்தி விடுறேன்” என்றார் நடத்துநர். பின்னால் வந்த வண்டி கையைக் காட்டியும் நிற்காமல் போனது. பினாங்காக இருந்தால் இந்நேரம் எல்லோரும் தொலைபேசியில் புகார் செய்துகொண்டிருப்பார்கள். இங்கே ஒருவர் சாலையோரத்தில் நுங்கு விற்பவரைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான், மொத்தப் பேருந்தும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. நானும் தின்றேன். விரலால் குத்தி உறிஞ்சத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைந்தது. நடத்துநரே ஒன்றை வாங்கி எனக்குச் செய்து காட்டினார்.

அடுத்த வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ஆலைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “நெல்லு பாக்க வாரவுக உண்டு, அரிசி பாக்க வாரவுக உண்டு. கடல் தாண்டி உமி பாக்க வந்தது நீங்கதேன்” என்றார். பிறகு அக்கறையாக எல்லாவற்றையும் காட்டினார். உமியை அள்ளிக் கையில் தேய்த்துப் பார்த்தேன். அது கெடா உமியைப்போலவே கையைக் குத்தியது. ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் திரும்பினோம். ஆனால் அந்தப் பயணத்தில் ரோஸ்லினிடம் எனக்கு ஒரு யோசனை சொல்லத் தோன்றியது. என் பச்சை வில்லைகளையும் அவளுடையவற்றையும் ஒரே உலையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டால் என்ன? கோளாறு உமியிலும் ஈரத்திலும் இருந்தால் என்னுடையது மட்டும் கெட்டுப்போகும்.

“நாளைக்குப் புதன்கிழமைதான மேடம், என் முறைதான்” என்றாள். அந்தத் துறையில் உலை ஒன்றுதான். ஒவ்வொரு மாணவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். ரோஸ்லினுக்குப் புதன்.

உலையைப் பார்த்துக்கொள்பவர் தங்கராசு. ஐம்பதைத் தாண்டிய மனிதர், நெற்றி நிறைய விபூதி. உலையின் கதவுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார். தானாக அணைக்கும் கருவி எப்போதோ பழுதாகிவிட்டதால், நேரம் ஆனதும் அவர்தான் கையால் அணைக்க வேண்டும். மாணவர்கள் யாரையும் விசையைத் தொட விடமாட்டார். காலையில் என் வில்லைகளை அவள் வில்லைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவை மூடினார். எல்லாப் புதன்கிழமையும்போல் பத்து மணிக்கு உலை சரியான சூட்டைத் தொட்டது. ரோஸ்லின் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல்காரியைப்போல் உட்கார்ந்தேன். அவள் கையும் அவர் கையும் என்ன செய்கின்றன என்று கண் கொட்டாமல் பார்த்தேன். எங்கும் ஒரு தில்லுமுல்லும் இல்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. “அண்ணே, மணி ஆயிருச்சு” என்றாள் ரோஸ்லின்.

தங்கராசு சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கண்ணால் காட்டினார். “இப்பத்தேன் ராகு காலம் பிறக்குது பாப்பா. ஒன்னரைக்கு மேல எறக்குவோம். மேடத்தக் கூட்டிட்டுப் போயி சாப்புட்டு வாங்க.”

“வாங்க மேடம்” என்றாள் அவள். நானும் எழுந்து போனேன்.

இதை நான் பலமுறை யோசித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மா ராகு காலத்தில் துணிகூட வாங்கமாட்டார். பினாங்கிலும் நாள்காட்டியைக் கிழிக்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்போம். அதனால் தங்கராசு சொன்னது என் காதில் விழுந்ததே தவிர, மண்டையில் ஏறவில்லை. மழை பெய்கிறது, நின்றதும் போகலாம் என்று ஒருவர் சொன்னால் எப்படியோ அப்படி.

கடையில் கறி தோசை வந்தது. மூன்று அடுக்காக, மேலே கொத்துக்கறி பரப்பி. பாதி தோசையில் இருக்கும்போது பினாங்கிலிருந்து லிம் அழைத்தார். நாங்கள் ஆங்கிலத்தில் பேசியது ஏறக்குறைய இப்படி இருந்தது.

“வெளியே எடுத்துவிட்டீர்களா?”

“இல்லை. உலையில்தான் இருக்கிறது. இப்போது நல்ல நேரம் இல்லை.”

“இரண்டு மணி நேரம் ஆகவில்லையா?”

“அது எப்போதோ ஆகிவிட்டது.”

“அப்படியென்றால் உலையை அணைத்துவிட்டீர்களா?”

“இல்லை, சொன்னேனே, நல்ல நேரம்…”

அங்கேயே என் வாய் நின்றுவிட்டது. கையில் பிய்த்த தோசை அப்படியே இருந்தது. “எங்கள் சீனர்களின் பேய் மாதத்தில் என் அம்மாவும் வீடு மாற மாட்டாள்” என்றார் லிம். “ஆனால் என் உலைக்கு அது தெரியாது.”

ரோஸ்லின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். மெல்லக் கேட்டேன். “நீ இதுவரை சுட்ட வில்லைகள் எல்லாம் புதன்கிழமையில்தானா?”

“எல்லாமே மேடம்.”

“எல்லாவற்றையும் ஒன்றரை மணிக்குத்தான் அணைத்தாரா?”

அவள் இலையைப் பார்த்தபடி யோசித்தாள். என்னைவிட வேகமாக ஓடியது அவள் மூளை. கட்டுரைக்காக வெவ்வேறு புதன்களில் ஒன்று, இரண்டு, மூன்று மணி நேரம் என்று மூன்று விதமாகச் சுட்டிருந்தாள். ஒரு மணி நேர வில்லைகளுக்குத் தங்கராசு பதினொன்றுக்கே, ராகு காலத்துக்கு முன்னால், உலையை அணைத்திருந்தார், அவை நன்றாக வரவில்லை. இரண்டு மணி நேரம் என்று எழுதியவை பன்னிரண்டுக்கு முடிய வேண்டும். மூன்று மணி நேரம் என்று எழுதியவை ஒரு மணிக்கு முடிய வேண்டும். இரண்டுமே ராகு காலத்தில் மாட்டிக்கொண்டதால் உலை ஒன்றரைக்குத்தான் அணைந்தது. அதாவது இரண்டுமே மூன்றரை மணி நேர வில்லைகள்.

“ரெண்டும் ஒன்னா இருந்துச்சே மேடம்” என்றாள். “ரெண்டு மணி நேரமும் மூணு மணி நேரமும் ஒரே மாதிரி வருதுன்னு நான் எம்புட்டு சந்தோசப்பட்டேன்.”

எங்கள் கட்டுரையின் உயிரே அதுதான். இரண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் சுடுவது வீண் செலவு என்று பெருமையாக எழுதியிருந்தோம். இரண்டு வில்லைகளும் ஒன்றுபோல இருந்ததற்குக் காரணம், இரண்டும் ஒன்றேதான். அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் மிச்சத் தோசையைத் தின்று முடித்தேன்.

“உனக்குத் தோன்றவே இல்லையா?” என்று கேட்டேன், கோபமாக இல்லை.

“மணி ஆனதும் நான் எழுதிட்டுச் சாப்பிடப் போயிருவேன் மேடம். அண்ணே பெறகு எறக்கி வைப்பாரு. நான் சர்ச்சுக்குப் போற பிள்ள, எனக்கு ராகு காலமெல்லாம் கெடையாது. அவருக்கு உண்டு. அதுல நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன். மரியாதைக்குத்தான் விட்டேன்.”

மாலையில் வில்லைகளைச் சூடேற்றிக் கேமராவில் பார்த்தோம். அவளுடையவை திரையில் குளிர்ந்த நீலமாகத் தெரிந்தன. பினாங்கிலிருந்து நான் சுமந்து வந்தவையும் அதே நீலம். இத்தனை மாதங்கள் எங்களை அழவைத்த அதே கலவை. உமியும் குற்றமற்றது, ஈரமும் குற்றமற்றது. கூடுதல் ஒன்றரை மணி நேரத்தில் பூச்சிலிருந்த துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, வெப்பத்தைத் தடுக்கும் பளபளப்பைப் பெற்றிருந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ரோஸ்லின் நின்றதால் கத்தவில்லை.

பேராசிரியருக்கு ஒரு வழி தோன்றியது. “ரெண்டுங்கிறத மூன்றரைன்னு மாத்திருவோம். அச்சுப் பிழைன்னு இதழுக்கு ஒரு வரி எழுதினாப் போதும். வில்லை நல்ல வில்லைதான, அதுல பொய் இல்லையே.”

உண்மையைச் சொன்னால் எனக்கும் சபலம் தட்டியது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் போதும் என்ற முடிவு? “முதல்ல நிஜமாவே ரெண்டு மணி நேரம் வச்சுப் பாத்துருவோம் சார்” என்றாள் ரோஸ்லின். “அது நல்லா வந்தா கட்டுரை தப்பிச்சிரும். வரலைன்னா, கட்டுரை தப்பு.” இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவள்போல அதைச் சொன்னாள்.

வியாழக்கிழமை சுட முடியவில்லை. மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களாம், அது அன்றைக்கு வந்து தொலைத்தது. உட்கார்ந்து வேர்ப்பதைவிட மேல் என்று இருவரும் கீழக்குயில்குடிக்குப் போனோம். ஆட்டோவை விட்டு இறங்கி, தாமரைக் குளத்தைத் தாண்டிச் சமணர் மலையில் ஏறினோம். பாறையில் வெட்டிய படுக்கைகள் நிழலில் சில்லென்று இருந்தன. ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். கீழே வயலும் தென்னையும் புதிதாக மனை பிரித்து நட்ட கற்களும் தெரிந்தன.

பூச்சி செத்துவிடும் என்று பார்த்துப் பார்த்து நடந்தவர்கள் படுத்த இடம் அது. நாங்கள் இருவரும் செய்கிற பொருளை எதற்கு வாங்குவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அவளிடம் கேட்டேன்: “உனக்கு உறுத்தவில்லையா?”

“உறுத்தும் மேடம்” என்றாள். “கண்ணுக்குத் தெரியாமப் போயி குண்டு போடுறதுக்கும் இதுதான் ஆகும். ஆனா எங்கப்பா நிக்கிற அடுப்புக்கு வெளிய இந்தப் பூச்ச அடிச்சா, அம்புட்டுச் சூடும் அவரு மேல அடிக்காது. நான் அத நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அவரு கை பக்கத்துல இருந்தாலே சுடும்.”

நான் என்ன நினைத்து ஆரம்பித்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. சம்பளம் நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான் கிளம்ப வேண்டும். வில்லை ஆறவே பல மணி நேரம் பிடிக்கும். நிலைமையை முழுதாகக் கேட்டுக்கொண்ட தங்கராசு, வெள்ளிக்கிழமை முறைக்கார மாணவரிடம் சொல்லிவிட்டு, அன்று விடியும்போதே வந்து உலையைப் போட்டிருந்தார். வெள்ளியன்று ராகு காலம் பத்தரைக்குப் பிறக்கும், அதற்குள் இரண்டு மணி நேரத்தை முடித்துவிடுவது அவர் திட்டம். ஆனால் மின்னழுத்தம் குறைவாக இருந்தது. சூடு நகர்ந்து நகர்ந்து ஏறி, ஒன்பது மணிக்குத்தான் வேண்டிய அளவைத் தொட்டது. அப்படியானால் பதினொன்றுக்கு அணைக்க வேண்டும். ராகு காலத்தின் நட்டநடுவில்.

பத்தரைக்குத் தங்கராசு துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ரோஸ்லின் அவர் பக்கத்தில் போய் நின்றாள். “அண்ணே, நீங்க வெளிய இருங்க. நான் அமத்திக்கிறேன்.”

“சும்மாரு பாப்பா.”

“எனக்குத்தான் அந்த நம்பிக்க இல்லையேண்ணே.”

“ஒனக்கு இல்லாட்டி உலைக்கும் இல்லையா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் வேலைக்குச் சேந்த புதுசுல இதே மாதிரி ஒரு நேரத்துல உலையோட ட்யூப்பு வெடிச்சுருச்சு மேடம். கூட நின்னவரு கை வெந்துபோச்சு. அன்னையில இருந்து இந்த நேரத்துல யாரையும் கிட்ட விடுறதில்ல. என்னயத் தப்பா நெனைக்காதீக. இந்தப் பிள்ள பொழப்புல மண்ணப் போடணும்னு செய்யல.”

“எனக்குத் தெரியும் அண்ணே” என்றேன். முதல்முறையாக அவரை அண்ணே என்று அழைத்தேன்.

பதினொன்றுக்குச் சற்று முன்னால் எங்கள் இருவரையும் வாசலுக்கு வெளியே போகச் சொன்னார். உலையைத் தொட்டுக் கும்பிட்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. ரோஸ்லின் வெளியே நின்று நேரம் சொன்னாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையைக் கீழே தள்ளினார். எதுவும் வெடிக்கவில்லை. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று தீர்மானமாகும் வரை அவர் எங்களை உள்ளே விடவில்லை.

மதியம் முழுவதும் காத்திருந்தோம். மூவரும் தயிர்ச்சாதப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டோம். மாலையில் வில்லையைச் சூடேற்றிக் கேமராவின் முன் வைத்தாள் ரோஸ்லின். அவளுக்கு நீலம் வர வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். உமி, ஈரம், உண்மை எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அவள் கட்டுரை பிழைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். திரையில் வில்லை வெள்ளையாக எரிந்தது. பினாங்கில் நாங்கள் செய்தவற்றைப்போலவே, ஒளிவுமறைவில்லாமல்.

தங்கராசுதான் முதலில் வாயைத் திறந்தார். “பாத்தீகளா மேடம்? ராகு காலத்துல எறக்குனா எப்பிடி வெளங்கும்?”

என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். ரோஸ்லினும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஒரே சோதனையில் அவர் நம்பிக்கையும் நிரூபணம் ஆகிவிட்டது, எங்கள் கணக்கும் நிரூபணம் ஆகிவிட்டது. அவர் எங்களைப் பார்த்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் தானும் சிரித்தார்.

பிறகு ரோஸ்லின் கணினியைத் திறந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்கு எழுதினாள், காரணத்தையும் உள்ளபடியே எழுதினாள். ராகு காலம் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு வரிகளில் விளக்க வேண்டியிருந்தது. தங்கராசுவின் பெயரைப் போடவில்லை, ‘எங்கள் கவனக்குறைவு’ என்று எழுதினாள். நானும் பேராசிரியரும் சம்மதம் சொன்னோம்.

அடுத்து அவள் வேலை விண்ணப்பத்தைத் திறந்தாள். அதில் வெளியீடுகள் என்ற தலைப்பின் கீழ் அந்தக் கட்டுரையைப் பற்றிய ஒரே ஒரு வரி இருந்தது. என் டாக்சி வந்துவிட்டதாகக் காவலாளி வந்து சொன்னார். நான் நகரவில்லை.

“அதை எடுக்காதே” என்றேன். “திருத்தி மறுபடியும் அனுப்பத்தானே போகிறோம்? தயாராகிக்கொண்டிருக்கிறது என்று போடு. யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். அது இல்லாவிட்டால் இந்த வேலை உனக்குக் கிடைக்காது, ரோஸ்லின்.”

அவள் அந்த வரியை அழித்தாள். தலைப்பு மட்டும் மொட்டையாக நின்றது, அதையும் அழித்தாள்.

“கெடைக்காமப் போகட்டும் மேடம்” என்றாள். “இன்னும் முழுசாச் சோதிச்சுப் பாக்காதத எழுதி வேலை கெடச்சு, அங்க போயி, அவங்க கண்ணு முன்னால செஞ்சு காட்டும்போது வரலைன்னா, நான் எங்க போயி ஒளியிறது?”

சொல்லிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினாள்.